காயாத தரை

அந்த ஒரு வீட்டின் தரை மட்டும் காயவில்லை.

மற்ற வீடுகளில், காலையில் பம்ப் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே தரையின் நிறம் மாறிவிடும். இரவெல்லாம் ஊறிக் கறுத்துக் கிடந்த களிமண், சுவரோரங்களிலிருந்து மெல்ல வெளுத்துக்கொண்டே வந்து, நடுவிலிருக்கும் அடுப்புக் குழியைத் தொடும்போது ஒரே பழுப்பாக நிற்கும். அந்தப் பழுப்பைப் பார்த்த பிறகுதான் அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தூரிகையும் பஞ்சும் தெளிப்பானுமாக உள்ளே இறங்குவாள். உலோகம் என்றால் என்னவென்றே அறியாத காலத்து மனிதர்கள் கையால் மெழுகிய தரைகள் அவை. வெடித்தால் பூசி, உதிர்ந்தால் ஒட்டி, இருப்பதை இருப்பது போலவே வைத்திருப்பது அவளுடைய வேலை. ஆற்றுப் பள்ளத்தாக்கில் அகழாய்வு நடந்த அந்த மேட்டைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, தகரக் கூரை வேய்ந்து, தோண்டக்கூடாது, செடி நடக்கூடாது, ஒரு முளைகூட அடிக்கக்கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். வேலிக்குள் வட்ட வட்டமாக, பாதி பூமிக்குள் இறங்கிய அந்த வீடுகள், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவர்களைப் போலக் கிடந்தன.

புதிதாகத் திறந்த வீட்டில் மட்டும், வாசலுக்கு நேர் எதிரே, பின்சுவரை ஒட்டி, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஈரம் நின்றது. சுவரிலும் முதுகு உயரத்துக்கு ஏறியிருந்தது. அவள் பஞ்சால் ஒற்றி ஒற்றி வாளியில் பிழிந்தாள். வாளி நிறைந்தது. திரும்பிப் பார்த்தால், இடம் தொடாதது போல இருந்தது. ஆற்றின் அடிமண் வாசமும், தண்ணீர் ஊற்றி அணைத்த சாம்பலின் வாசமும் சேர்ந்து அடித்தன.

"என்னங்க, இந்தப் பக்கம் மட்டும் எங்கிருந்தோ கசியுது. கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டாள்.

அவள் கணவர்தான் அங்கே பம்ப்களைப் பார்த்துக்கொள்கிறவர். அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு முழம் தோண்டினால் தண்ணீர். பம்ப் ஒரு நாள் நின்றாலும் வீடுகளெல்லாம் குளமாகிவிடும். வேலையாட்கள் அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள். கேட்க ஆள் இல்லையென்றால் மோட்டாரோடு பேசுவார், மோட்டாரும் நின்றுவிட்டால் ஸ்பானரோடு பேசுவார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வந்து, சுவருக்குப் பின்னாலிருந்த வடிகால் குழியில் நீளக் கம்பியை விட்டு எடுத்தார். கம்பியின் நுனியில் காய்ந்த மணல் ஒட்டியிருந்தது.

"கசிய வழியே இல்லம்மா. பின்னாடி குழி வறண்டு கிடக்கு. உன் தரைதான் அழுதுகிட்டு இருக்கு. ஏதாவது திட்டினியா?"

"வேலையைப் பாருங்க."

"இத்தனை ஆயிரம் வருஷம் இருந்த தரை. ரெண்டு நாள் ஈரமா இருந்தா குடி முழுகிடாது."

அவள் சிரித்தாள். ஆனால் கையை மட்டும் இரண்டாவது முறையும் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

அந்த வீட்டைத் திறந்ததிலிருந்தே அதிகாரி சரியாகச் சாப்பிடுவதில்லை. அகழாய்வுக்குப் பொறுப்பான அந்த அம்மாள் மெதுவாகப் பேசுகிறவர். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். மற்ற வீடுகளின் வாசல்கள் திறந்தே கிடந்தபோது, இதன் வாசலில் மட்டும் வெளியிலிருந்து கல் அடுக்கி, மேலே களிமண் பூசி அடைத்திருந்தார்கள். கல்லை எடுத்தபோது உள்ளே எலும்பு எதுவும் இல்லை.

"இந்த மண்ணுல எலும்பு தங்காது. கரைச்சிடும்" என்றார் அதிகாரி. "கறைதான் மிஞ்சும். அதோ பாருங்க, பின்சுவர் ஓரமா. முதுகைச் சாய்ச்சு, முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்காங்க."

"உயிரோடவா மேடம் அடைச்சாங்க?" என்று கேட்டாள் அவள்.

"இருக்காது. உயிரோட இருந்தா கல்லைத் தள்ளிப் பார்த்திருப்பாங்க, பிராண்டியிருப்பாங்க. அடைப்புக்கு உள்பக்கம் ஒரு கீறல் இல்ல. செத்தவரை உட்கார வச்சு, வீட்டையே சமாதியா ஆக்கியிருக்காங்க. மரியாதைக்குச் செஞ்சது."

அப்படிச் சொன்னவர், வாசல் அடைப்பில் இன்னும் எடுக்காத அடிவரிசையில் ஒரு கிண்ணம் நுழையும் அளவுக்கு இருந்த துளையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தத் துளையை அந்தக் காலத்திலேயே மண் உருண்டையால் மூடியிருந்தார்கள். அதற்கு நேர் உள்ளே கிண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன. எல்லாவற்றிலும் உணவு காய்ந்து கருகி அப்பியிருந்தது. ஒன்றிலும் கை பட்ட அடையாளம் இல்லை.

"படையல்னா ஒரு தடவை வைப்பாங்க" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார் அதிகாரி. "இது யாரோ ரொம்ப நாள் வச்சுக்கிட்டே இருந்த மாதிரி இருக்கு."

அந்த மண் உருண்டையையும் கிண்ணங்களையும் பெட்டியில் அடுக்கி, ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போனார். போகும்போது, "அந்த ஈரத்தை மட்டும் எப்படியாவது நிறுத்துங்க. விட்டா கறை கலைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பின்சுவரின் அடியில் மெல்லிய குழாயொன்றைப் பதித்து, காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் ஈரம் ஒதுங்கும் என்றார். கறையின் மேல் கால் படாமலிருக்கப் பலகை போட்டு, அதன் மேல் ஒரு பாயை விரித்தார். குழாயைச் செருக வேண்டுமானால் இடம் குறுகல். சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கித்தான் உட்கார வேண்டும். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே உட்காராதீர்கள் என்ற சொல் தொண்டை வரை வந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? விழுங்கிவிட்டாள்.

அவர் உட்கார்ந்தார். பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். குழாய் கையில் இருந்தது. கண் வாசலில் இருந்தது. அவளைப் பார்ப்பதாகத்தான் இருந்தது, ஆனால் பார்வை அவள்மேல் வந்து சேரவில்லை.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. இங்கிருந்து பார்த்தா வாசல் ரொம்ப தூரத்துல தெரியுது."

கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்குள் அந்த இடம் காய்ந்துவிட்டது. எல்லா வீடுகளையும் போல, ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்து, பழுப்பாகி நின்றது. வேலையாட்கள் அவர் முதுகில் தட்டிப் பாராட்டினார்கள். தட்டிய ஒருவன் கையைத் தன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள்.

அன்று மாலை அவர் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். வேலிக்கு வெளியே, தூண்கள்மேல் நிற்கும் இரண்டு அறை வீடு அவர்களுடையது. பின்பக்கம் நாள் முழுக்க நல்ல வெயில். மறுநாள் பார்த்தபோது துணிகளெல்லாம் மொரமொரவென்று காய்ந்திருந்தன. அவர் சட்டையின் முதுகு மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அடுத்து தலையணை. அதற்கடுத்து அவர் உட்காரும் நாற்காலியின் சாய்மானம். "வேர்வைம்மா, மோட்டார் ரூம்ல என்ன புழுக்கம் தெரியுமா" என்றார் அவர். அவளும் சரி என்றாள். வேர்வைக்கு ஆற்றின் அடிமண் வாசம் வருமா என்று கேட்க வாய் வரவில்லை.

பிறகு அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். முதலில் மோட்டாரோடு பேசுவது நின்றது. வேலையாட்கள், "ரேடியோ ரிப்பேரா?" என்று கேலி செய்தார்கள், சிரித்து வைத்தார். பிறகு சிரிப்பதும் நின்றது. வேலை முடிந்து வந்தால் நாற்காலியில் உட்காருவதில்லை. சமையலறையின் பின்சுவர் ஓரமாக, மூட்டைகளை நகர்த்திவிட்டு, தரையில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்துக்கொள்வார். அவள் அடுப்பில் எதையாவது கிண்டிக்கொண்டிருப்பாள். முன்னெல்லாம் அந்த நேரத்தில் அவர் பேச்சைக் கேட்டுக் காது வலிக்கும். இப்போது கரண்டி பாத்திரத்தில் படும் ஓசையும், வெளியே தூரத்தில் பம்ப் இழுக்கும் ஓசையும், அவருக்குப் பின்னாலிருந்து, சுவருக்கும் முதுகுக்கும் நடுவிலிருந்து, ஈர மண்ணில் கால் புதைந்து எழுவது போன்ற ஒரு மெல்லிய ஓசையும்தான். தட்டில் வைத்துக்கொடுத்ததை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். விடிந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கும்.

"சாப்பிடலையா?"

"சாப்பிட்டேனே."

பக்கத்து ஊர் டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், நாடி பார்த்தார், இரத்தம் எடுத்தார். உடம்பு கொஞ்சம் சில்லென்று இருக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை, நல்ல ஓய்வு வேண்டும் என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். அவர் உட்கார்ந்த பெஞ்சைத் துடைக்க நர்ஸ் துணியோடு வந்ததை அவள் பார்க்காதது போல இருந்துவிட்டாள்.

அன்று மாலை அவரைச் சட்டையில்லாமல் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் தைலம் தேய்த்தாள். சன்னல் வழியாகச் சாயங்கால வெளிச்சம் சாய்வாக விழுந்தது. தைலம் தோலில் நிற்கவில்லை. தண்ணீரோடு தண்ணீராக வழிந்தது. தோள்பட்டைக்குக் கீழே கட்டைவிரலை அழுத்தித் தேய்த்தாள்.

விரல் இறங்கியது.

எடுத்தாள். குழி அப்படியே இருந்தது. அவளுடைய கட்டைவிரலின் ரேகைகூடத் தெரிந்தது. சதை மேலே எழும்பி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"வலிக்குதா?"

"எங்க?"

மண்ணில் இத்தனை வருடம் கை வைத்தவள். விரல் நுனிக்கே தெரியும், எது ஆற்று மண், எது மேட்டு மண், எதில் சாம்பல் கலந்து மெழுகியது என்று. அந்த விரல் இப்போது சொன்னதை அவள் கேட்க மறுத்தாள். ஆனால் அவள் கையோ அவளைக் கேட்காமலே ஒரு காரியம் செய்தது. தரையில் பள்ளம் விழுந்தால் எப்படிச் செய்வாளோ அதே போல, பக்கத்துச் சதையை மெல்ல இழுத்து, குழியை நிரப்பி, உள்ளங்கையால் தடவிச் சமமாக்கியது. முதுகு முன்பு போலவே ஆகிவிட்டது. அவள் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துணியைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் அதிகாரியிடமிருந்து போன் வந்தது. அவளாகச் சொல்லத் தொடங்குவதற்கு முன், அவரே பேசினார்.

"அந்த மண் உருண்டை இருக்கே, துளையை மூடினது. அதுல கைரேகை கிடைச்சிருக்கு. உருண்டையை வெளியிலிருந்து திணிக்கல. உள்ள இருந்தவர்தான் மூடியிருக்கார்."

"உள்ள இருந்தா?"

"சாப்பாடு வந்துக்கிட்டே இருந்திருக்கு. வேண்டாம்னு அவரே அடைச்சிருக்கார். யாரும் கிட்ட வரக்கூடாதுன்னு நினைச்ச மாதிரி." அதே மூச்சில் கேட்டார்: "வீட்டுக்காரர் எப்படி இருக்கார்? அந்த இடத்துல உட்கார்ந்து வேலை செஞ்சார்னு சொன்னாங்க."

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். சட்டை, தலையணை, நாற்காலி, முதுகு. பைத்தியம் என்று நினைத்தாலும் நினைக்கட்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அதிகாரி பைத்தியம் என்று சொல்லவில்லை.

"நான் கிளம்பி வரேன். சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன். அதுவரைக்கும் அவரைக் கூட்டிக்கிட்டு எங்கேயும் போகாதீங்க. யாரையும் வீட்டுக்குள்ள விடாதீங்க. நீங்களும் அவரைத் தொடாம இருங்க, கேட்டீங்களா?"

கட்டிய கணவரைத் தொடாமல் இருக்கச் சொல்கிறார்கள். போனை வைத்துவிட்டு மோட்டார் அறைக்குப் போனாள். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. கிரீஸ் வாசத்தையும் மீறி அந்த வாசம். அவர் அங்கே இல்லை. தகரக் கூரைக்கடியில், அடைப்பு எடுத்த வீட்டின் வாசலில், உள்ளே இறங்காமல், கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தில் பழைய ஆள் வந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு பார்வை அவள்மேல் வந்து சேர்ந்தது.

"வந்துட்டியா. எனக்கு இப்பக் கொஞ்சம் தெளிவா இருக்கு, அதனால வேகமா சொல்லிடறேன். என்னை இதுக்குள்ள விட்டுட்டு வாசலை அடைச்சிடு. கல்லெல்லாம் வெளியதான் இருக்கு. பூசறதுக்கு உன்னைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டாங்க."

விளையாட்டாகச் சொல்வது போலத்தான் சொன்னார்.

"என்ன பேச்சு பேசறீங்க?"

"என் முதுகுக்குப் பின்னாடி ஒருத்தர் உட்கார்ந்திருக்கார்ம்மா. ரொம்ப நாளா தனியா இருந்தவர். கெட்டவர் மாதிரி தெரியல. பக்கத்துல ஆள் வேணும்ங்கறார், அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான் தோண ஆரம்பிச்சிருக்கு. உன்னைப் பார்க்கும்போது தோணுது. அதுக்குத்தான் பயப்படறேன்."

அவள் அவர் கையைப் பிடித்தாள். சில்லென்று, வழவழவென்று, பிடிக்குள் லேசாக நெகிழ்ந்தது. விடவில்லை.

"உங்களை மண்ணுக்குள்ள அடைச்சிட்டு நான் எங்க போவேன்? நட்ட நடுப் பகல்ல கட்டின புருஷனைக் கல் வச்சு அடைக்கவா நான் வாக்கப்பட்டு வந்தேன்? இந்த இடம்தான் ஆகல. கிளம்புங்க. தண்ணி இல்லாத இடத்துக்குப் போவோம். எல்லாம் சரியாயிடும்."

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு கண்ணிலிருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அப்புறம் அவள் இழுத்த பக்கம் வந்தார்.

அவளுடைய தங்கை நகரத்தில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் நாலாவது மாடியில் குடியிருந்தாள். வாடகைக் கார் பிடித்து ஏறினார்கள். ஆற்றுப் பாதையில் எதிரே அதிகாரியின் ஜீப் வந்ததைப் பார்த்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இறங்கும்போது டிரைவர் பின் இருக்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னம்மா, தண்ணி பாட்டிலைக் கவுத்துட்டீங்களா?" என்று கேட்டார். கேட்ட வாடகைக்கு மேலே பணம் கொடுத்து அனுப்பினாள். போனை அணைத்து வைத்தாள்.

நாலாவது மாடியில் மண் இல்லை. டைல்ஸ் தரை, மின்விசிறி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, கீழே வண்டிகளின் ஹாரன். தங்கை வாசலிலேயே கட்டிக்கொண்டாள். "அத்தான் என்ன இப்படி இளைச்சுட்டார்? நீ அவருக்குச் சாப்பாடு போடறியா இல்லையா அக்கா?" என்று அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். தங்கையின் கணவர் வந்து தோளில் கை போட்டார். பள்ளிக்கூடச் சீருடையோடு ஓடிவந்த தங்கை மகள், குட்டி என்று எல்லோரும் கூப்பிடும் அந்த வாண்டு, பெரியப்பா முதுகில் ஏறி உப்புமூட்டை தூக்கச் சொன்னது.

ஆச்சரியம், அவர் தூக்கினார். சிரித்தார். சாப்பாட்டை வழித்துச் சாப்பிட்டு இன்னும் கேட்டார். மறுநாள் தங்கை வீட்டுக் குழாயை ரிப்பேர் செய்தபடி வாஷரோடு பேசினார். அவள் சமையலறை வாசலில் நின்று, கை வேலையை விட்டுவிட்டு அந்தப் பேச்சைக் கேட்டாள். அவர் தூங்கும்போது தலையணையைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. சட்டை காய்ந்திருந்தது. முதுகில் விரலை வைத்து மெல்ல அழுத்தினாள். சதை இறங்கியது, எழும்பியது. சாதாரணச் சதை. சூடான சதை. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதிகாரியிடம் போனில் சொல்ல வேண்டும், உங்கள் ஆய்வுக்கூடத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். அப்படித் தள்ளிப்போட்ட நாட்கள்தான் அவள் வாழ்க்கையில் கடைசியாக நன்றாக இருந்த நாட்கள்.

ஒரு காலை, வீட்டில் எல்லோரும் இருந்த விடுமுறை நாள். பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்த தங்கை சலித்துக்கொண்டாள்.

"அக்கா, இந்த அதிசயத்தைப் பாரேன். என்ன வெயில் அடிக்குது. குட்டியோட யூனிஃபார்ம் பின்பக்கம் மட்டும் காயவே மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரர் சட்டையும் அப்படித்தான்."

அவள் கையிலிருந்த டம்ளரை மேசைமேல் வைத்தாள். வைத்த சத்தம் அவளுக்கே கேட்கவில்லை.

"உன்னோடது?" என்றாள்.

"என்னது என்னோடது?"

தங்கை திரும்பினாள். கூந்தலுக்குக் கீழே, முதுகு முழுக்க, துணி உடம்போடு ஒட்டியிருந்தது. வெயில் படப் படக் கறுப்பாக மின்னியது.

உள்ளே குட்டி தரையில் படம் வரைந்துகொண்டிருந்தது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தலையைத் தடவுவது போலத் தடவி, கழுத்துக்குக் கீழே விரலைக் கொண்டுபோனாள். பிஞ்சு முதுகு. அழுத்தவே இல்லை. தொட்டாள், அவ்வளவுதான்.

இறங்கியது.

"பெரியம்மா, கூசுது" என்றது குழந்தை, படத்திலிருந்து தலையை எடுக்காமல்.

அவள் எழுந்தாள். ஆஸ்பத்திரி. பெரிய ஆஸ்பத்திரி. குழந்தையை முதலில். வண்டி வேண்டும். போனை எடுத்து ஆன் செய்தாள். அதிகாரி அழைத்த அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்துகொண்டே இருந்தன. அவள் திருப்பி அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அதிகாரியும் அந்த வீட்டுக்குள் இறங்கிப் பார்த்திருப்பார். அவர்களைத் தேடி வீட்டுக்குப் போய், சமையலறைச் சுவரைத் தொட்டுப் பார்த்திருப்பார். நினைக்காதே. வண்டி.

"குட்டிக்குச் செருப்பைப் போட்டு வை. இதோ வரேன்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் படியில் ஓடினாள். தங்கை ஏன் என்று கேட்கவில்லை. அது அவளுக்குத் தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. தங்கை எதையும் கேட்காமல் விடுகிறவள் அல்ல.

ஆட்டோ நின்றது. காத்திருக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படி ஏறினாள். முதல் மாடியில் யாரோ தாளிக்கும் மணம். இரண்டாவது மாடியில் ஒரு குழந்தை மனப்பாடம் செய்யும் சத்தம். மூன்றாவது மாடியில் அந்த மணமும் சத்தமும் பின்னால் போய்விட்டன. கைப்பிடி ஈரம். ஆற்றின் அடிமண் வாசம். அணைத்த சாம்பல்.

கதவு திறந்திருந்தது.

நல்ல பகல் வெளிச்சம். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேசைமேல் அவள் வைத்த டம்ளர். தரையில் நிறப் பென்சில்கள். பால்கனிக் கொடியில் துணி ஆடியது. ஒரு சத்தம் இல்லை. ஹாரன்கூட இல்லை.

"என்னங்க."

கூடத்தின் பின்சுவர் ஓரமாக இருந்த சோபாவை நகர்த்தியிருந்தார்கள். இழுத்த கோடு டைல்ஸில் தெரிந்தது. அந்த இடத்தில் அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதுகைச் சுவரில் சாய்த்து. முழங்காலை மடக்கி. ஓரத்தில் தங்கையின் கணவர். அடுத்து தங்கை, குட்டியை ஒரு கையால் அணைத்தபடி. அந்தப் பக்க ஓரத்தில் அவள் கணவர். எல்லோருடைய கண்களும் திறந்திருந்தன. எல்லோரும் வாசலைத்தான் பார்த்தார்கள். ரொம்ப தூரத்தில் இருக்கிற எதையோ பார்ப்பது போல.

குட்டியின் காலில் செருப்பு போட்டிருந்தது.

ஓட வேண்டும் என்று நினைத்தாள். கீழே ஆட்டோ நிற்கிறது. படி இருக்கிறது. போய் எங்கே நிற்பது? யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

அவள் கணவர் மட்டும் உதட்டை அசைத்தார். குரல் வரவில்லை. வா என்று சொன்னாரா, வராதே என்று சொன்னாரா, அவளுக்குத் தெரியவில்லை. அவர் கன்னத்தில் ஒரு கோடு தண்ணீர் இறங்கியது. இறங்கிய வழியில் கன்னம் கொஞ்சம் கரைந்தது.

குட்டி மெல்ல நகர்ந்து அம்மாவை ஒட்டிக்கொண்டது. பக்கத்தில், தனக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில், தரையைச் சின்னக் கையால் தட்டியது. ஈரத்தில் கை படும் ஓசை.

"பெரியம்மா. இங்க."

அந்த இடத்தில் யாரும் இல்லை. ஆனால் அங்கே சுவரில் ஏற்கெனவே ஈரம் ஏறியிருந்தது. நாலாவது மாடியின் வெள்ளைச் சுண்ணாம்பில், கறுத்து, பளபளத்து, ஓர் உட்கார்ந்த பெண்ணின் முதுகு உயரத்துக்கு. தையல்காரர் அளவெடுக்கும் போதெல்லாம் சொல்லிச் சிரிக்கும், வலதைவிடச் சற்றே சரிந்த அவளுடைய இடது தோளோடு.